நன்றி கெட்டவர்கள் யார்?

சென்ற இதழில் அம்பாசிடர் காருக்கு ஒருவர் ஒப்பாரி வைத்திருந்தார். ஒப்பாரியோடு நின்றிருந்தால் நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்டிருப்பேன். அவரோ அழுதுகொண்டே அக்கம்பக்கத்தில் இருப்பவர்களை அடிக்கத் தொடங்கிவிட்டார். அவர் கணக்குப்படி அம்பாசிடரைக் கொன்றவர்கள் அதை வாங்கி ஓட்டியவர்கள். நிறுவனம் மாடல் மாடலாக மாற்றிக் கொடுத்தும் திருப்தியடையாமல், வந்ததையெல்லாம் நொட்டை சொல்லி, கடைசியில் மினுமினுக்கும் மெல்லிய தகரத்தின் பின்னால் ஓடிய நன்றி கெட்டவர்கள். அதிலும் மண்டபம், ராமேஸ்வரம் வாடகைக் கார்க்காரர்களுக்குத் தனி அர்ச்சனை. யாத்ரீகர்களின் பணத்தில் வளர்ந்து, வளர்த்துவிட்ட வண்டியையே கைவிட்டார்களாம்.

மண்டபத்துக்காரன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பாசிடரின் ஒவ்வொரு புது மாடலையும் பார்த்து முகம் சுளித்த உரிமையாளர்கள்தான் அந்தக் காருக்கு உண்மையான நண்பர்கள். கட்டுரையாளரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டியவர்களால்தான் அது கெட்டது.

பெரிய விஷயத்துக்குப் போகுமுன் ஒரு சின்னக் கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். எழுபதுகளில் அம்பாசிடர்கள் மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏற்றிவந்து ராமநாதசுவாமி கோயில் வாசலிலேயே இறக்கிவிட்டதாக அவர் உருகுகிறார். எந்தச் சாலை வழியாக ஐயா? பாம்பனில் கடலின் மேல் சாலைப் பாலத்துக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியதே 1974இல். ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்தது 1988 அக்டோபர் 2 அன்று. அதுவரை தீவுக்குப் போக இருந்தது 1914இல் திறந்த ரயில் பாலம். அதை விட்டால் படகு. ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனால் ஒழிய எந்த அம்பாசிடரும் மண்டபத்தைத் தாண்டியதில்லை. குடும்பங்கள் இங்கே இறங்கி, மூட்டை முடிச்சோடு ரயிலேறித்தான் ராமநாதனைப் பார்க்கப் போயின. நடக்காத பயணத்துக்கு நன்றி கேட்டு ஒரு கட்டுரை எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்!

இனி தகரம். கட்டுரையின் உயிர்நாடி இதுதான். அந்தக் காலத்துத் தகரம் கனம், தட்டினால் கோயில் மணி போல ஒலிக்கும், இப்போதைய வண்டிகளைக் கட்டைவிரலால் அழுத்தினாலே குழி விழும். ஆகவே பழையது உழைக்கும், புதியது உதிரும். ராமநாதபுரமே தண்ணியில்லாக் காடு, இங்கே துரு எங்கிருந்து வந்தது என்று கேலி வேறு.

ஊரைத் தெரியாமல் செய்த கேலி இது. மண்டபத்தில் நிலம் ஒரு கழுத்தளவுதான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தால் வடகடலின் உப்பு, கச்சான் திரும்பினால் தென்கடலின் உப்பு. ஆண்டில் உப்புக்காற்று ஓயும் மாதம் என்று ஒன்று இங்கே கிடையாது. துருவுக்கு மழை வேண்டும் என்று நினைப்பதுதான் கட்டுரையாளரின் அடிப்படைத் தவறு. காற்றில் ஈரம் நூற்றுக்கு 75 பங்கை எட்டினால் சமையல் உப்பே கசிந்து நீராகத் தொடங்கிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். மழையே பெய்யாத நாளிலும், ராத்திரியில் வாசலில் நிற்கும் காரின் மீது படிந்த உப்புத்தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தகரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த உப்புநீரில் உள்ள குளோரைடு, பெயின்ட் கீறிய இடமாகப் பார்த்து உள்ளே இறங்கும்.

இறங்குகிற இடமும் நம் கண்ணுக்குப் படுகிற இடமல்ல. பானட்டும் டிக்கியும் பளபளவென்றுதான் இருக்கும். அரிப்பு தொடங்குவது கதவின் அடிமடிப்பில், சக்கர வளைவின் உட்புறத்தில், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற குழலுக்குள், மிதியடிக்குக் கீழே ஃப்ளோரில். மணலும் உப்பும் சேர்ந்து நீர் வடியும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டால் துரு உள்ளிருந்து வெளியே வரும். பெயின்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்து, டிங்கரிங் பட்டறையில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தால், குத்திய கருவி மறுபக்கம் போய்விடும். பட்டி பார்த்து பெயின்ட் அடித்து மூடலாம். மூடியதற்குள் துரு தன் வேலையைத் தொடரும். இதனால்தான் இந்தக் கரையில் பழைய வண்டி வாங்க வருகிறவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் குனிந்து அடியைப் பார்க்கிறார், உள்ளே கால்மிதி விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறார்.

தகரம் கனமாக இருந்தால் இதெல்லாம் நடக்காதா? நடக்கும், கொஞ்சம் தாமதமாக நடக்கும், அவ்வளவுதான். இரும்பைக் காப்பது அதன் கனமல்ல, அதன் மேலுள்ள பூச்சு. தகட்டின் மேல் துத்தநாகம் பூசியிருந்தால், கீறல் விழுந்த இடத்திலும் முதலில் கரைவது துத்தநாகம்தான். அது கரைந்து முடியும்வரை இரும்பு பிழைத்திருக்கும். அதோடு முழு பாடியையும் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, கண்ணுக்குத் தெரியாத இடுக்கிலும் பூச்சு ஏறச் செய்கிற முறை எழுபதுகளுக்குப் பிறகு உலகெங்கும் கார் தொழிற்சாலைகளில் பரவியது. இவை இரண்டும் உள்ள மெல்லிய தகடு, இவை இல்லாத கனத்த தகட்டைவிடக் கடற்கரையில் அதிக காலம் நிற்கும். அம்பாசிடர் கட்சிக்காரர்கள் கனத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பூச்சைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

இதை என் வாயால் கேட்க அவருக்குப் பிடிக்காமல் போகலாம். மண்டபம் கேம்புக்கு வரட்டும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் ஒரு அரிமானச் சோதனை நிலையம் உண்டு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் சட்டங்களில் மாட்டிவைத்து, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காயவிட்டு, எவ்வளவு கரைந்தது என்று எடைபோட்டுப் பார்க்கிற இடம். வெறும் இரும்பு, துத்தநாகம், அலுமினியம், பல வகைப் பூச்சுகள் எல்லாம் இங்கே வெயிலிலும் உப்பிலும் காய்ந்திருக்கின்றன. நாட்டில் இரும்பு எங்கெல்லாம் வேகமாகக் கரைகிறது என்று வரைந்த வரைபடத்தில் மண்டபத்துக்கு முன்வரிசை. இப்படி ஒரு சோதனைக் களத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊரைப் பார்த்து, உங்கள் ஊரில் துரு ஏது என்று கேட்கிறார்.

ஆய்வகம் வேண்டாம் என்றால் பாலத்தைப் பார்க்கட்டும். பாம்பன் பழைய ரயில் பாலத்தின் இரும்பைவிடக் கனமான இரும்பை எந்த அம்பாசிடரும் கண்டதில்லை. கனம் போதும் என்றால் அதற்கு விடாமல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தது எதற்காக? 2022 டிசம்பரில் அதன் மேல் ரயிலை நிறுத்தியது எதற்காக? 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், இரும்பின் மேல் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வேக்காரர்கள் நூறாண்டு உப்புத் தின்று கற்ற பாடம் அது. கட்டுரையாளர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்ததை அவர்கள் ஏனோ பொருட்படுத்தவில்லை.

துருவில் இன்னொரு விபரீதம் இருக்கிறது. அம்பாசிடருக்கு லாரி போலத் தனி சேஸ் உண்டு, பாடி போனாலும் அடிச்சட்டம் தாங்கும் என்று அவர் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். கிடையாது. அதன் தாய் வண்டியான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, பாடியே சட்டமாக நிற்கும்படி கட்டப்பட்ட கார். ஃப்ளோரும் கதவடிக் குழலும்தான் அங்கே பாரம் தாங்குபவை. அதாவது மண்டபத்தின் உப்பு எங்கே முதலில் கை வைக்கிறதோ, அங்கேதான் அந்தக் காரின் முதுகெலும்பு இருக்கிறது. இருபதாண்டு காலம் புகழ்ந்துகொண்டிருக்கும் வண்டியின் அடியில் ஒருமுறையாவது குனிந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அடுத்து, மோதினாலும் ஒன்றும் ஆகாது என்ற பெருமை. லாரியில் இடித்தும் பம்பர் மட்டும் வளைந்த கதைகளை வரிசையாக அடுக்குகிறார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது சரி. உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை. வேகமாகப் போகும் கார் சட்டென்று நின்றால் அந்த வேகத்தின் சக்தி எங்காவது போயாக வேண்டும். முன்பக்கம் திட்டமிட்டு நசுங்கினால் நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், அடியும் அந்த அளவுக்குக் குறையும். முன்பக்கம் நசுங்க மறுத்தால் நசுங்குவது மனிதர்கள். மெர்சிடஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரெனி இதை ஐம்பதுகளிலேயே கண்டு காப்புரிமை பெற்றார்; 1959இல் அது காராகவே வந்துவிட்டது. நம் ஆள் 2020களிலும் பம்பரைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

நம்பாதவர்களுக்கு ஒரு கண்கண்ட சாட்சி. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி இரண்டு செவர்லே செடான்களை நேருக்கு நேர் மோதவிட்டது. ஒன்று 1959ஆம் ஆண்டு பெல் ஏர். கப்பல் போன்ற பெரிய கார், கனத்த இரும்பு, கட்டுரையாளர் பார்த்தால் கும்பிடுவார். மற்றொன்று 2009 மாலிபு. இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். பெல் ஏரில் ஓட்டுநர் உட்காரும் இடமே சுருங்கி உள்ளே மடங்கியது. உள்ளிருந்த பொம்மை மனிதனாக இருந்திருந்தால் உயிர் போயிருக்கும். மாலிபு ஓட்டுநருக்குக் காலில் சிறு காயம் ஏற்பட்டிருக்கலாம் என்பதுதான் முடிவு. ஐம்பது ஆண்டு மாடல் மாற்றங்களுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. அம்பாசிடரோ ஏர்பேக் இல்லாமல் பிறந்து, ஏர்பேக் இல்லாமலே 2014இல் போய்ச் சேர்ந்தது.

இப்போது கட்டுரையின் உண்மையான விஷத்துக்கு வருவோம்: எதைக் கொடுத்தாலும் குறை சொல்லும் உரிமையாளர்கள். என்ன கொடுத்தார்கள் என்று பார்ப்போம். 1956இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் 1957 வாக்கில் அந்த நிறுவனத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடராக மறுபிறவி எடுத்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் மார்க் 2. முன்பக்கக் கிரில் மாறியது. 1975இல் மார்க் 3. மறுபடியும் கிரில். 1979இல் மார்க் 4. கிரில்லும் விளக்குகளும். 1990இல் நோவா. இன்னொரு கிரில், இன்னொரு டேஷ்போர்டு. கூரையும் கதவும் அடியும் அதே. பெட்ரோல் இன்ஜின், 1489 சிசி கொள்ளளவுள்ள அதே பிரிட்டிஷ் பி-சீரிஸ். பழைய கள், புதிய மொந்தை. மொந்தையை மாற்றிக்கொண்டே இருந்துவிட்டு, குடித்தவன் கள் புளிக்கிறது என்றால் அவன் நன்றி கெட்டவனா?

குறை சொன்னது ஏதோ நாலு பேரின் வாய்க்கொழுப்பும் அல்ல. உள்நாட்டில் செய்த கார்களின் தரத்தைப் பற்றிப் புகார்கள் குவிந்து, 1967இல் மத்திய அரசே அதை விசாரிக்க ஒரு குழுவை அமைக்க வேண்டி வந்தது. ஆண்டுக்கணக்கில் முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்கிய வண்டிக்கு, வாங்கிய மறுவாரமே பட்டறை தேட நேர்ந்தவர்களின் குரல் அந்தக் குழுவின் பின்னால் இருக்கிறது. கட்டுரையாளரின் அகராதியில் அவர்கள் எல்லாரும் நன்றி கெட்டவர்கள்.

அவர்கள் எதையும் ஏற்காதவர்கள் என்பது பொய் என்பதற்கு அம்பாசிடரே சாட்சி. எண்பதுகளின் தொடக்கத்தில் டீசல் இன்ஜின் வந்தபோது வாடகைக் கார்க்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். இழுவை சுமார்தான், சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு இறங்கியது. இறங்கியதை அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியரும் சீட் பெல்ட்டும் வைத்து 1800 ஐஎஸ்இசட் வந்தபோதும் வரவேற்புதான். ஸ்டியரிங் கியர் போய் கீழே கியர் வந்து, முன்பக்கத்தில் ஒரே நீளமாக இருந்த சீட் இரண்டு தனி சீட்டானதில், முன்னால் கூடுதலாக ஒருவரை உட்காரவைக்க முடியவில்லையே என்று சிலர் முணுமுணுத்தார்கள். வாடகைக்கு ஓட்டுகிறவனுக்கு ஒரு இருக்கை என்பது ஒரு டிக்கெட். அதில்கூட அவன் சொன்னது நியாயமான குறை.

அதே நிறுவனத்தின் கான்டெசாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாளில் நம் சாலைகளில் ஓடிய செடான்களில் பெரியது. எழுபதுகளின் பிரிட்டிஷ் வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பை வாங்கி, 1984இல் அதற்குள் அம்பாசிடரின் ஐம்பது குதிரைச் சக்தி இன்ஜினை வைத்தார்கள். வாங்கியவர்கள் நொந்துகொண்டார்கள். எண்பதுகளின் இறுதியில் அதே உடம்புக்குள் இசுசு 1.8 வந்தது. அதே உரிமையாளர் வர்க்கம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. இன்றும் பழைய கார் பிரியர்கள் தேடுவது அந்தக் கான்டெசாவைத்தான். வெளித்தோற்றம் மாறவில்லை, விலை இறங்கவில்லை, இன்ஜின் மாறியது. உரிமையாளருக்கு எது மாற்றம், எது பூச்சு என்று பிரிக்கத் தெரியும் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எதிர்ப்பக்கச் சான்று நம் சென்னையிலேயே உண்டு. வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை இறக்கியது. ரோவரின் கம்பீரமான உடம்பு, உள்ளே வேன்கார்டு காலத்து வம்சத்தைச் சேர்ந்த 1991 சிசி பழைய இன்ஜின். பார்த்தவர்கள் மயங்கினார்கள். ஓட்டியவர்கள் பெட்ரோல் பங்கிலேயே விழித்துக்கொண்டார்கள். 1988 வாக்கில் காரும் போனது, ஆலையும் போனது. புதுமைக்கு அலைபவர்கள் உரிமையாளர்கள் என்றால், அந்தப் புத்தம்புது உடம்பை ஏன் அவர்கள் தூக்கி எறிந்தார்கள்? பழமைக்கு நன்றியில்லாதவர்கள் என்றால், 2020இல் பி.எஸ். 6 புகை விதியோடு டொயோட்டா எடியோஸ் நிறுத்தப்பட்டபோது, ராமேஸ்வரம் டாக்ஸிக்காரர்கள் ஏன் உறவினர் வீட்டுச் சாவு போலப் பேசிக்கொண்டார்கள்? தன் பிழைப்புக்கு உழைத்த வண்டியை எவனும் எளிதில் விடுவதில்லை. உழைக்காததை விட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அவனுக்கு மாதத் தவணை இருக்கிறது.

எந்தப் பட்டிக்காட்டிலும் ரிப்பேர் செய்யலாம் என்பது கட்டுரையின் மூன்றாவது தூண். உண்மைதான், மறுக்கவில்லை. ஸ்பேர் எங்கும் கிடைக்கும்; சுத்தியலும் ஸ்பேனரும் போதும். தரையிலிருந்து உயரம், தாராளமான டிக்கி, வயதானவர்கள் சேலையோ வேட்டியோ சிக்காமல் ஏறி உட்காரும் பின் சீட்டு எல்லாமே யாத்திரைக்கு ஏற்றவை. இந்தப் பெருமைகளை யாரும் அம்பாசிடரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் எல்லா ஊரிலும் மெக்கானிக் கிடைத்தான் என்றால், எல்லா ஊரிலும் அவனுக்கு வேலை கிடைத்தது என்று பொருள். கார்பரேட்டரைக் கழற்றி ஊதி, கிளட்சைப் பிரித்து, ரேடியேட்டருக்குப் பற்றவைத்து நடுவழியில் குடும்பத்தைக் காப்பாற்றியது மெக்கானிக்கின் கை. அதற்கான பாராட்டை உத்தர்பாராவுக்கு அனுப்பிவைக்கிறார் கட்டுரையாளர். பட்டறைப் பையன் கருப்பான கையோடு நிற்க, மாலை நிறுவனத்தின் கழுத்தில் விழுகிறது.

2013இல் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சி அம்பாசிடரை உலகின் சிறந்த டாக்ஸி என்று அறிவித்ததையும் சான்றாகக் காட்டுகிறார். அது பல நாட்டு டாக்ஸிகளை ஒரு மைதானத்தில் மோதவிட்டுச் சிரிக்கவைத்த தொலைக்காட்சி வேடிக்கை. அதை நம்பி ஒரு டாக்ஸிக்காரன் அம்பாசிடர் வாங்கினான் என்று கேள்விப்பட்டதில்லை. அந்தக் கைதட்டல் ஓய்ந்த மறு ஆண்டே ஆலை மூடியது.

கடைசியில் பழி அரசாங்கத்தின் மேல். லைசென்ஸ் ராஜ்யம் நிறுவனத்தின் கையைக் கட்டியது என்கிறார். பாதி உண்மை. 1969இல் அரசு கார்களுக்கு விலை நிர்ணயித்ததும், நிறுவனங்கள் உச்ச நீதிமன்றப் படியேறியதும் நடந்ததுதான். ஆனால் அதே லைசென்ஸ் ராஜ்யம்தான் போட்டியாளர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. கை கட்டப்பட்டிருந்ததாகச் சொல்லும் நிறுவனத்துக்கு, வாங்குபவனின் காலும் கட்டப்பட்டிருந்தது வசதியாக இருந்தது. கட்டு அவிழ்ந்தபின் என்ன செய்தது? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அன்றிலிருந்து உத்தர்பாராவில் வேலை நிறுத்திவைக்கப்பட்ட 2014 மே 24 வரை முப்பது ஆண்டுகள். இடையில் 1991இல் கதவு முழுதாகவே திறந்தது. அதே நிறுவனம் 1998 முதல் நம் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சரைச் செய்துகொண்டிருந்தது. நவீன கார் எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாமல் இல்லை. அம்பாசிடருக்கு மட்டும் கிளாசிக், கிராண்ட், அவிகோ, என்கோர் என்று பெயர்கள் வந்துகொண்டிருந்தன. 2017இல் அந்தப் பெயரையும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோவுக்கு விற்றார்கள்.

இதையெல்லாம் மூடிவைத்துவிட்டு, இன்றைய செடான்களைக் கட்டுரையாளர் தகர டப்பா என்கிறார். மண்டபம் டாக்ஸி ஸ்டாண்டில் அதிகம் நிற்கும் டிசையரையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் வந்த புதிய மாடலில் நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு மூன்று சிலிண்டர் வைத்தார்கள். ஓட்டுநர்கள் அதிர்வு கூடிவிட்டது என்கிறார்கள். சி.என்.ஜி. வாங்கினால் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்கிறது, அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு ஈரத்துணி மூட்டையோடு வருகிறவர்களின் பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள், நிறுவனம் பதில் சொல்ல வேண்டியவை. ஆனால் அதே மாடல்தான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் மாருதி. பழைய டிசையரின் தகரத்தைக் குறை சொல்லிக்கொண்டே இருந்த உரிமையாளர்கள் இல்லாமல் அந்த நட்சத்திரங்கள் தாமாக வானத்திலிருந்து விழவில்லை.

புதிய வண்டிகள் மண்டபத்தில் துருப்பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. சைலன்சர் போகிறது, பிரேக் தட்டு ஒரே ராத்திரியில் செம்மண் நிறமாகிறது, அடிப்பகுதி போல்ட்டுகள் கழற்ற வராமல் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே இங்கே புது மாடல் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பாடியில் எந்தெந்தத் தகடு துத்தநாகம் பூசியது? துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் எத்தனை ஆண்டு உத்தரவாதம்? கடலோரம் என்று சொல்லி அதை மறுக்கும் ஷரத்து ஏதாவது உண்டா? அடிப்பூச்சுக்குத் தனிப் பணமா? ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்று சேல்ஸ்மேன் தானாகவே சொல்லிவிடுவார். இவற்றை நாம்தான் கேட்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் ஊரெல்லாம் சொல்ல வேண்டும்.

அம்பாசிடர் விஷயத்தில் நடக்காமல் போனது இதுதான். கேட்டவர்களை நிறுவனம் மதிக்கவில்லை. அமைச்சர்களும் அதிகாரிகளும் வெள்ளை அம்பாசிடரில் சிவப்பு விளக்கு வைத்துப் போனார்கள். அரசாங்க ஆர்டர் இருக்கும்வரை குறை கேட்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. கட்டுரையாளரைப் போன்ற ரசிகர்கள் ஒவ்வொரு புதுக் கிரில்லுக்கும் ஆரத்தி எடுத்தார்கள். குறை சொன்னவர்கள் களைத்துப்போய் ஒவ்வொருவராக மாருதிக்கும் இண்டிகாவுக்கும் எடியோஸுக்கும் போனார்கள். மிஞ்சியது ஆரத்தித் தட்டு மட்டும்தான்; அதை வைத்து எந்த ஆலையும் சம்பளம் போட முடியாது. அந்தக் காருக்கு நன்றி காட்டத் தெரிந்தவர்கள் அதன் ஃப்ளோரைக் காட்டி, பிரேக்கைக் காட்டி, இன்ஜினைக் காட்டி முப்பது ஆண்டுகள் கத்தியவர்கள். கட்டுரையாளர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முடியாதென்றால், குறைந்தபட்சம் எழுபதுகளில் தம் அம்பாசிடர் பாம்பன் கடலை எப்படித் தாண்டியது என்றாவது அடுத்த இதழில் விளக்கட்டும்.